கூலண்ட் ஒழுகிய பிறகு படகு ஹீட்டர் மக்கர் பண்ணுகிறதா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

டீசலை எரித்துக் கூலண்டை (குழாய்களுக்குள் சுற்றும், கிளைக்கால் கலந்த தண்ணீர்) சூடாக்கி, அதைப் பம்ப் மூலம் ரேடியேட்டர்களுக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் அனுப்புகிற ஹீட்டருக்கான வழிமுறை இது. எபர்ஸ்பேக்கர், வெபாஸ்டோ என்று எந்தப் பெயரில் இருந்தாலும் பார்க்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். கூலண்ட் இல்லாமல் காற்றை நேரடியாகச் சூடாக்கி ஊதுகிற வகை உங்களுடையது என்றால், இதில் பாதி பொருந்தாது.

என் படகிலும் பக்கத்தில் கட்டியிருந்த படகுகளிலும் இந்தக் கோளாறைப் பலமுறை பார்த்துவிட்டேன். எங்கோ ஒழுகும். யாராவது வந்து அடைத்துவிட்டு, கூலண்ட் ஊற்றிவிட்டுப் போவார். ஹீட்டர் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். திரும்பக் கூப்பிட்டால், “ஹீட்டர் போயிடுச்சு, புதுசு போட்டுடலாம்” என்பார். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் ஹீட்டர் நன்றாகவே இருந்தது. அரைகுறையாக நின்றது ஒழுகலை அடைத்த வேலைதான். அதனால் புது ஹீட்டருக்குச் சம்மதிக்கும் முன், கீழே உள்ளவற்றில் உங்கள் அறிகுறியைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில், பணம் தின்னும் காரணம் கடைசியில்.

கை வைக்கும் முன்

கேபினில் வேலை செய்யும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் இந்த ஹீட்டரை ஓட்டிச் சோதிக்காதீர்கள். படகுகளுக்கான தரம் ஈஎன் 50291-2. அலாரத்தின் மேல் அது அச்சிட்டிருக்கும். ஒழுகலைச் சரிசெய்ய ஹீட்டரைக் கழற்றியிருந்தால் புகைக்குழாயையும் கழற்றியிருப்பார்கள். திரும்ப மாட்டும்போது அந்த கிளாம்பை இறுக்க மறந்தால் புகை கேபினுக்குள்தான் வரும். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலியும் குமட்டலும் வந்தால் உடனே ஹீட்டரை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

கூலண்ட் சூடாக இருக்கும்போது கூலண்ட் டேங்க்கின் மூடியைத் திறக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் கூலண்ட் விஷம். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும். பில்ஜில், அதாவது படகின் அடித்தளக் குழியில், தேங்கிய கூலண்டைப் பில்ஜ் பம்ப் போட்டு வெளித் தண்ணீரில் தள்ளாதீர்கள். பழந்துணியால் ஒற்றி எடுத்து டப்பாவில் சேருங்கள். எடுத்ததை அளந்து குறித்து வையுங்கள், அந்த அளவு பின்னால் தேவைப்படும்.

அறிகுறி 1: சுவிட்ச் போட்டால் எதுவுமே நடக்கவில்லை

விளக்கு இல்லை, ஃபேன் சத்தம் இல்லை. முதலில் ஃபியூஸ். ஒழுகல் நடந்த இடத்துக்கு அருகில் பேட்டரி ஒயரிலேயே தொங்கும் ஃபியூஸ் இருந்தால் அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே நன்றாகத் தெரிந்து, பிடியில் பச்சை பூத்திருக்கும்.

அடுத்து ஹீட்டரின் ஒயர் கனெக்டர். கூலண்ட் வெறும் தண்ணீர் போலக் காய்ந்து போகாது. பிசுக்காகப் படிந்து, செம்பை அரித்து, ஒயர் இழைகளுக்கு நடுவில் ஊர்ந்து கன்ட்ரோல் போர்டு வரை போய்விடும். பேட்டரியைத் துண்டித்துவிட்டு கனெக்டரைப் பிரியுங்கள். பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் சுத்தமான தண்ணீரில் நனைத்த பிரஷால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். பின்கள் அரித்துப் போயிருந்தால் அவற்றை மாற்றியே ஆக வேண்டும். சுரண்டிவிட்டுச் செருகினால் ஒரு மாதம் தாங்கும்.

ஃபியூஸும் கனெக்டரும் சரி, ஹீட்டருக்கு 12 வோல்ட் வருகிறது, ஆனாலும் உயிர் இல்லை என்றால் இரண்டு வழி. ஹீட்டர் தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்கலாம்: தொடர்ந்து பலமுறை சூடு மீறினாலோ தீப்பற்றாமல் போனாலோ பல மாடல்கள் அப்படிச் செய்யும். அப்போது டிஸ்ப்ளேயில் பிழை எண் இருக்கும், அல்லது விளக்கு எண்ணி எண்ணி மின்னும். அந்த எண்ணை எழுதிக்கொண்டு உங்கள் மாடலின் கையேட்டில் பாருங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் வேறு பட்டியல். சிலவற்றைக் கையேட்டில் உள்ளபடியே விடுவிக்கலாம், சிலவற்றுக்குக் கணினி கொண்டுவருபவர் வேண்டும். பூட்டு விழுந்த காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவித்தால் திரும்பப் பூட்டிக்கொள்ளும். அறிகுறி 3-ஐப் படித்துவிட்டு விடுவியுங்கள். இரண்டாவது வழி, கன்ட்ரோல் போர்டே கூலண்ட் குடித்துக் கெட்டிருப்பது. அது மெக்கானிக் வேலை.

அறிகுறி 2: ஃபேன் சுற்றுகிறது, தீ பற்றவில்லை, சில நிமிடத்தில் நின்றுவிடுகிறது

இதற்கும் கூலண்டுக்கும் நேரடித் தொடர்பு குறைவு. ஒழுகலுக்காக ஹீட்டரைக் கழற்றி மாட்டியபோது தொட்டுவிட்ட ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

*வோல்டேஜ்.* தொடங்கும் நேரத்தில்தான் டீசலைப் பற்றவைக்கும் குளோ பிளக் அதிக மின்சாரம் இழுக்கும். பேட்டரியில் 12.4 வோல்ட் காட்டுகிறது என்று திருப்தியடையாதீர்கள். மல்டிமீட்டர் முனைகளை ஹீட்டரின் கனெக்டரிலேயே வைத்து, ஸ்டார்ட் ஆகும் வினாடிகளில் படியுங்கள். ஒரு கணக்கு: பேட்டரியிலிருந்து ஹீட்டர் 5 மீட்டர், போக வர 10 மீட்டர் ஒயர், 15 ஆம்பியர் ஓட்டம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் ஏறக்குறைய 1 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 சதுர மில்லிமீட்டரில் அரை வோல்ட்டுக்கும் குறைவு. பேட்டரி சற்றே இறங்கிய காலையில் அந்த 1 வோல்ட்தான் ஹீட்டரை நிறுத்தும். ரிப்பேர் செய்தவர் ஒயரை வெட்டித் திருகாணி கனெக்டரால் ஒட்டுப் போட்டிருந்தால் அந்த ஒட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வோல்டேஜ் தின்பது அதுதான். அதை எடுத்துவிட்டு முறையாகக் கிரிம்ப் செய்யுங்கள் (உலோக உறைக்குள் ஒயரைச் செருகி நசுக்கி இணைப்பது).

*டீசல்.* ஹீட்டருக்கென்று தனியாக ஒரு சின்ன டீசல் பம்ப் இருக்கும், ஓடும்போது டிக் டிக் என்று கேட்கும். சத்தமே இல்லை என்றால் அதன் ஒயரைப் பாருங்கள். சத்தம் வருகிறது, தீ இல்லை என்றால் குழாயில் காற்று. மெல்லிய நைலான் குழாய்களை ரப்பர்த் துண்டால் இணைக்கும் இடத்தில் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று முட்டி நிற்க வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் அங்கே குமிழி தங்கும், ஒவ்வொரு முறையும் தீ தடுமாறும். அந்த ரப்பர்த் துண்டும் டீசலுக்கானதாக இருக்க வேண்டும். படகுகளில் தீயைத் தாங்கும் எரிபொருள் ஹோஸுக்கான தரம் ஐஎஸ்ஓ 7840. கூலண்ட் ஹோஸில் வெட்டிய துண்டை அங்கே மாட்டியிருந்தால் உடனே மாற்றுங்கள்.

கழற்றி மாட்டிய பிறகு டீசல் வந்து சேர இரண்டு மூன்று ஸ்டார்ட் ஆகலாம். அதற்கு மேல் திரும்பத் திரும்ப சுவிட்ச் போடாதீர்கள். எரியாத டீசல் உள்ளே தேங்கி, பற்றும்போது ஒரேயடியாகப் பற்றும். புகைக்குழாய் நசுங்கியிருக்கிறதா, காற்று உள்ளே வரும் குழாய் துணியாலோ இன்சுலேஷனாலோ அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். குளோ பிளக், பர்னர் எல்லாம் கடைசி. அவற்றைப் பிரித்தால் கேஸ்கெட் மாற்ற வேண்டும், அதனால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

அறிகுறி 3: நன்றாகப் பற்றுகிறது, சில நிமிடத்தில் சூடு மீறி நிற்கிறது, ரேடியேட்டர்கள் ஜில்லென்று இருக்கின்றன

ஒழுகலுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொன்னார்கள். “ஹீட்டர் போயிடுச்சு” என்ற முடிவுக்குத் தவறாகப் போவதும் இங்கேதான். இதைப் பொறுமையாகப் பாருங்கள்.

ஹீட்டரிலிருந்து வெளியேறும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் இரண்டு கைகளால் ஒரே நேரத்தில் தொடுங்கள், மேலோட்டமாக. நன்றாகச் சுற்றினால் வெளியேறுவது ஏறக்குறைய 10 டிகிரி அதிகச் சூட்டில் இருக்கும், இரண்டும் சேர்ந்து ஏறும். வெளியேறுவது கை வைக்க முடியாமல் கொதித்து, திரும்புவது குளிர்ந்து கிடந்தால் கூலண்ட் சுற்றவே இல்லை. ஹீட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் நிற்கிறது. அதில் அதற்குக் கோளாறு எதுவும் இல்லை.

*கணக்குச் சோதனை.* நான் முதலில் கேட்பது இதைத்தான்: எவ்வளவு ஒழுகியது, எவ்வளவு ஊற்றினார்கள்? பில்ஜிலிருந்து எடுத்தது 6 லிட்டர், திரும்ப ஊற்றியது 4 லிட்டர், டேங்க் நிறைந்துவிட்டது என்றால் குழாய்களுக்குள் 2 லிட்டர் காற்று உட்கார்ந்திருக்கிறது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

*காற்று எடுப்பது.* பம்ப் மட்டும் ஓடி, தீ பற்றாத நிலை வேண்டும். சில கன்ட்ரோலர்களில் அதற்கு வசதி உண்டு. இல்லாவிட்டால் பம்பின் கனெக்டரைப் பிரித்து, ஃபியூஸ் வைத்த ஒயரால் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுக்கலாம். பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. எல்லா ரேடியேட்டர் வால்வுகளையும் முழுக்கத் திறங்கள். டேங்க்கில் கலந்த கூலண்டை மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். ஹீட்டருக்கு அருகிலுள்ள ரேடியேட்டரின் காற்றுத் திருகை முதலில் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். உஸ் என்ற சத்தம் நின்று, நுரை நின்று, கூலண்ட் ஒழுங்காக வந்ததும் மூடுங்கள். அடுத்ததற்குப் போங்கள். கடைசி ரேடியேட்டர் முடிந்ததும் முதலாவதுக்குத் திரும்பி வாருங்கள், அங்கே மறுபடி காற்று வந்திருக்கும். ஹோஸ்களை நடுநடுவே கையால் அமுக்கி விட்டால் குமிழிகள் நகரும்.

படகில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு, வீட்டு ரேடியேட்டர் பழகியவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். படகு சமமாக மிதப்பதில்லை. டீசல் நிரம்பியிருந்தால் பின்பக்கம் தாழும். தண்ணீர்த் தொட்டி காலியானால் முன்பக்கம் தூக்கும். ரேடியேட்டரின் காற்றுத் திருகு இருக்கிற முனை அன்றைக்குத் தாழ்ந்த முனையாக இருந்தால், எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் காற்று எதிர் முனையில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். ரேடியேட்டர் மேல் ஒரு ரசமட்டம் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று பேரை எதிர்ப்பக்கம் நிற்கச் சொன்னால் போதும், திருகு உள்ள முனை உயர்ந்து காற்று வந்துவிடும். ஒரு படகில் இரண்டு நாள் வராத காற்று இப்படிப் பத்து நிமிடத்தில் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

*ஹோஸ் போகும் வழி.* ரிப்பேரில் புது ஹோஸ் போட்டிருந்தால் அதன் பாதையை விரலால் தொடர்ந்து போங்கள். ஒரு விட்டத்தின் மேல் ஏறி இறங்கினால் அந்த வளைவின் உச்சியில் காற்று நிற்கும். ஒன்று, ஹோஸைத் தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் உச்சியில் ஒரு காற்றுத் திருகு போட வேண்டும். கூலண்ட் டேங்க் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். இடம் இல்லை என்று அதைக் கீழே இறக்கி மாட்டியிருந்தால் எத்தனை முறை காற்று எடுத்தாலும் பயனில்லை.

*பம்ப்.* கையை வைத்தால் லேசாக அதிர வேண்டும். அதிர்கிறது, ஓட்டம் இல்லை என்றால் அது காற்றைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்தப் பம்புகள் தாமாகக் கூலண்டை இழுத்துக்கொள்ளாது. டேங்க் மட்டத்துக்குக் கீழே, நிரம்பிய நிலையில் இருக்க வேண்டும். கழற்றி மாட்டியிருந்தால் திசையைப் பாருங்கள். பம்பின் நடு அச்சில் இருப்பது உள்வழி, ஓரத்தில் பக்கவாட்டில் நீட்டுவது வெளிவழி. கூலண்ட் நடுவில் நுழைந்து ஓரத்தில் வெளியேறி, பெரும்பாலான அமைப்புகளில் அங்கிருந்து ஹீட்டருக்குள் போக வேண்டும். ஹோஸ்களை மாற்றி மாட்டியதை நான் இரண்டு படகுகளில் பார்த்தேன். இரண்டிலும் பம்ப் சத்தம் போட்டுக்கொண்டேதான் இருந்தது.

அதிரவே இல்லை, 12 வோல்ட் வருகிறது என்றால் பம்ப் போய்விட்டது. கூலண்ட் இல்லாமல் ஓடிய பம்புக்கு இது நடக்கும், அதற்குக் கூலண்ட்தான் எண்ணெய். புதுப் பம்ப் ஒரு செலவுதான், ஆனாலும் ஹீட்டர் விலையோடு ஒப்பிட்டால் சிறியது.

இத்தனையும் சரியாக இருந்து, இரண்டு ஹோஸ்களும் சேர்ந்து சூடேறி, அப்போதும் சூடு மீறி நின்றால்தான் சென்சாரைச் சந்தேகிக்கலாம். அதை மாற்ற ஆளைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 4: ஹீட்டர் ஓடுகிறது, ஒரு ரேடியேட்டர் மட்டும் சூடாகவில்லை

காற்று, அல்லது மூடிய வால்வு. அதைவிட்டால் ஓட்டம் சுலபமான வழியில் போய்விடுகிறது: அருகில் இருக்கும் ரேடியேட்டர் முழுவதையும் இழுத்துக்கொள்ளும், தூரத்தில் இருப்பது பட்டினி. சூடான ரேடியேட்டர்களின் வால்வை ஒவ்வொன்றாகக் கால் சுற்று மூடிக்கொண்டே வாருங்கள். தூரத்து ரேடியேட்டர் சூடேறத் தொடங்கினால் காரணம் இதுதான். எல்லாவற்றையும் மூடிப் பார்த்தும் அது குளிர்ந்தே இருந்தால் உள்ளே சேறு; அறிகுறி 8.

அறிகுறி 5: மட்டம் மெதுவாகக் குறைந்துகொண்டே போகிறது

டேங்க்கில் மார்க்கரால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். கோடு எப்போதும் கூலண்ட் குளிர்ந்திருக்கும்போதுதான். முதல் இரண்டு மூன்று நாட்கள் குறைவது தங்கியிருந்த காற்று வெளியேறுவதால் இருக்கலாம். அதற்குப் பிறகும் குறைந்தால் ஒழுகல்.

என் சொந்தப் படகில் இதைத் தேடி ஒரு வாரம் அலைந்தேன். ஒரு பட்டறை ஒழுகலைச் சரிசெய்து, பணம் வாங்கி, முடிந்தது என்று சொல்லியிருந்தது. தினமும் ஒரு டம்ளர் கூலண்ட் காணாமல் போனது. கட்டிலுக்குக் கீழே பலகையைத் திறந்து கையை விட்டபோது ஹோஸ் காய்ந்திருந்தது. ஆனால் விரலில் கற்கண்டுத் தூள் போல இளஞ்சிவப்பாக ஏதோ ஒட்டியது, காய்ந்த கூலண்ட். கிளிப்பைத் தளர்த்தி ஹோஸை இழுத்தேன், தடையே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. கத்தியால் சாய்வாக வெட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் நிப்பிளின் (ஹோஸ் மாட்டும் குழாய் முனை) மேட்டைத் தாண்டியிருந்தது, மறுபக்கம் தாண்டவே இல்லை. கிளிப் பாதி நிப்பிளின் மேலும் பாதி வெறும் ஹோஸின் மேலும் இறுகி, ரப்பரில் பல் பதித்திருந்தது. ஹீட்டர் ஓடும்போது ரப்பர் விரிந்து இடுக்கை அடைத்துக்கொண்டது, குளிர்ந்த இரவில் சுருங்கி ஒழுகியது. பகலில் பார்த்த எல்லோரும் காய்ந்த ஹோஸைத்தான் பார்த்தார்கள். ஒரு கத்தி வெட்டு நேராக இருந்திருந்தால் அந்த வாரமும், நனைந்து ஊறிய பலகையும் மிச்சம். இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

எனவே ஹீட்டரைத் தொடும் முன், விடியற்காலையில், எல்லாம் குளிர்ந்திருக்கும்போது டார்ச்சோடு பாருங்கள். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் முந்தைய இரவே ஒரு டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி வைத்தால் சாயம் காட்டிக்கொடுக்கும். இணைப்புகளில் பார்க்க வேண்டியவை: ஹோஸ் நேராக வெட்டியிருக்கிறதா, நிப்பிளின் மேட்டுக்குப் பின்னால் கிளிப் உட்கார்ந்திருக்கிறதா, பழைய கிளிப்பையே திரும்பப் போட்டார்களா, துளை வைத்த சாதா கிளிப்பை மென்மையான சிலிக்கான் ஹோஸில் இறுக்கி வெட்டிவிட்டார்களா, பலகையில் உராய்கிறதா. குளிரில் மட்டும் ஒழுகும் இணைப்புக்கு ஸ்பிரிங் வகை கிளிப் நல்லது, ஹோஸ் சுருங்கும்போது தானும் சேர்ந்து சுருங்கும்.

கண்ணுக்கு எதுவும் படவில்லை என்றால் அழுத்தச் சோதனை. டேங்க் மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பும் மீட்டரும் மாட்டி, மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தத்தைத் தாண்டாமல் ஏற்றி, அரை மணி நேரம் விடுங்கள். முள் இறங்கினால் வால்வுகளை மூடி ஒவ்வொரு பகுதியாகப் பிரித்துச் சோதியுங்கள். பலகைக்குப் பின்னால் கை போகாத இடத்தில் இணைப்பு வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த இணைப்பையே ஒழித்து, முழு ஹோஸாகப் போடச் சொல்லுங்கள். வெளியே எங்கும் ஒழுகாமல் மட்டம் மட்டும் குறைந்தால் அறிகுறி 7-க்குப் போங்கள்.

அறிகுறி 6: யாரும் ஊற்றாமலே மட்டம் ஏறுகிறது

சூட்டில் கொஞ்சம் ஏறுவது இயல்பு. 12 லிட்டர் உள்ள அமைப்பு குளிர்ந்த நிலையிலிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக விரியும். குளிர்ந்ததும் பழைய கோட்டுக்கு வந்துவிட வேண்டும்.

குளிர்ந்த பிறகும் மேலேயே நின்றால் வெந்நீர்த் தொட்டிக்குள் இருக்கும் சுருள் குழாயில் ஓட்டை. குழாய்த் தண்ணீரின் அழுத்தம் கூடுதல் என்பதால் தண்ணீர் கூலண்டுக்குள் வருகிறது. தண்ணீர்ப் பம்பை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை விட்டு, கோடு போட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் ஏற்றம் நின்றிருந்தால் சந்தேகம் உறுதி. அழுத்தம் இல்லாதபோது கூலண்ட் எதிர்த் திசையில் உங்கள் தண்ணீருக்குள் போகும். அந்த வினாடியிலிருந்து அந்தக் குழாயில் வரும் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பல் துலக்கவோ கூடாது. வெந்நீர்த் தொட்டி உள்ள படகில் விஷத்தன்மை மிகக் குறைந்த புரோப்பிலீன் கிளைக்கால் கூலண்டையே ஊற்றச் சொல்வது இதனால்தான்.

எஞ்சினும் இதே வெந்நீர்த் தொட்டியோடோ வெப்பமாற்றித் தகடோடோ இணைந்திருந்தால் அங்கிருந்தும் வரலாம். எஞ்சின் கூலண்ட் அதே வேகத்தில் குறைகிறதா என்று பாருங்கள். இரண்டில் எதுவானாலும் ஆளைக் கூப்பிடும் வேலை.

அறிகுறி 7: புகைக்குழாயில் வெள்ளைப் புகை

ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்ச நேரம் வெள்ளையாக வந்து, கண்ணை எரித்து, டீசல் நாற்றம் அடித்தால் அது எரியாத டீசல். அறிகுறி 2. குளிர் நாளில் மெல்லிய நீராவி தெரிவதும் சாதாரணம்.

சூடேறிய பிறகும் நிற்காமல் அடர்த்தியாக, இனிப்பு வாசனையோடு வந்தால் வெப்பமாற்றியில் (தீயின் சூட்டைக் கூலண்டுக்குக் கடத்தும் பகுதி) விரிசல். கூலண்ட் தீ எரியும் அறைக்குள் போகிறது. அணைத்து, குளிரவிட்டு, புகைக்குழாயின் தாழ்ந்த இடத்திலுள்ள நீர் வடியும் துளையைப் பாருங்கள். அங்கே கூலண்ட் நிறத்தில் ஈரம் இருந்தால் இனி அந்த ஹீட்டரை ஓட்டாதீர்கள். பசையோ, ஒழுகல் அடைக்கும் திரவமோ ஊற்றாதீர்கள். அது மற்ற மெல்லிய வழிகளையும் பம்பையும் சேர்த்து அடைத்துவிடும். வெப்பமாற்றியை மாற்றுவதா, ஹீட்டரையே மாற்றுவதா என்பது இங்கேதான் உண்மையான கேள்வி.

அறிகுறி 8: கூலண்ட் கலங்கி, பழுப்பாக, கூழ் போல இருக்கிறது

இருந்ததோடு வேறு வகைக் கூலண்டைக் கலந்திருக்கிறார்கள். நிறம் ஒன்றாக இருந்தால் வகையும் ஒன்று என்று அர்த்தமில்லை, நிறத்துக்குப் பொதுத் தரம் கிடையாது. முழுவதையும் வடித்து, தெளிவாக வரும்வரை தண்ணீரால் கழுவி, கனிமம் நீக்கிய தண்ணீரோடு கலந்து புதிதாக நிரப்புங்கள். பாதிக்குப் பாதி கலந்த எத்திலீன் கிளைக்கால் ஏறக்குறைய மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. பாதிக்கு மேல் கூட்டினால் வெப்பம் கடத்துவது குறையும். வெறும் தண்ணீர் ஊற்றி மட்டத்தைச் சரிக்கட்டியிருந்தால் உறையும் ஆபத்தோடு உள்ளே துருவும் பிடிக்கும். எத்திலீனுக்கான ரிஃப்ராக்டோமீட்டர் (கூலண்டின் செறிவை அளக்கும் கருவி) புரோப்பிலீனுக்குத் தவறாகக் காட்டும், அளவுகோல் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். குழாய்களில் துத்தநாகம் பூசிய இரும்பு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், கிளைக்காலுக்கும் துத்தநாகத்துக்கும் ஒத்துவராது.

எப்போது நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒருமுறை அடித்தாலும். புகைக்குழாய் இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலும். டீசல் வாசனை அல்லது சொட்டு தெரிந்தாலும். வெப்பமாற்றி, பர்னர், பூட்டிக்கொண்ட கன்ட்ரோல் போர்டு, வெந்நீர்த் தொட்டிச் சுருள் ஆகியவற்றுக்கும்.

முதல் வேலையைக் கெடுத்தவரையே கூப்பிடுவதா என்று பலர் கேட்பார்கள். உத்தரவாதம் இருந்தால் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பது முறை. ஆனால் அவர் வரும் முன் எல்லா இணைப்புகளையும் கிளிப்களையும், டேங்க் கோடுகளையும், பிழை எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். வந்தபின் பேச்சு வளரும்போது படம்தான் பேசும். வேலை தொடங்கும் முன்பே நான்கு விஷயங்களை எழுதி வாங்குங்கள்: எந்த வகைக் கூலண்ட், எத்தனை லிட்டர் ஊற்றினார், எந்தெந்த இணைப்பைக் கழற்றினார், எவ்வளவு அழுத்தத்தில் எவ்வளவு நேரம் சோதித்தார். ஒழுங்காக வேலை செய்பவர் இதை எழுதித் தரத் தயங்கியதை நான் பார்த்ததில்லை.

வேலை முடிந்ததும் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் இருக்கும்போதே ஹீட்டரை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். எல்லா ரேடியேட்டர்களும் முனைக்கு முனை சூடா என்று கையால் தடவிப் பாருங்கள். இரவு ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ வையுங்கள், டேங்க்கில் கோடு போடுங்கள். மீதிப் பணத்தை மறுநாள் காலை, காகிதங்கள் காய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கொடுப்பதாக முன்கூட்டியே பேசிவிடுங்கள்.